சம்பந்திக்கு மட்டும் கொத்தும் வரால்

அன்புத் தம்பி மரியானுக்கு,

முட்டத்திலிருந்து அண்ணன் இஸ்ரவேல் எழுதிக்கொள்வது. மாதாவின் புண்ணியத்தில் வீட்டில் அனைவரும் நலம். என் பிரஷர் மட்டும் நலமில்லை. குவைத்தில் நீங்கள் சுகமாயிருக்க வேண்டுகிறேன். வாட்ஸ்அப்பில் சொன்னால் கிரேசி பார்த்துவிடுவாள், அதனால்தான் தபால்.

பிரஷருக்குக் காரணம் உப்பு என்கிறார் டாக்டர். உப்பல்ல, என் மகள் கிரேசியின் மாமனார் ஞானதாசன். கடலை விட்டுவிட்டு எங்காவது அமைதியாகப் பொழுதுபோக்கச் சொன்னார் டாக்டர். உடனே கிரேசி, "அப்பா, பூதப்பாண்டியில எங்க வீட்டுப் பக்கத்துக் குளத்துல தூண்டில் போடுங்க, மாமா தெனமும் போடுதாவ, மனசுக்கு நல்லதாம்" என்றாள். போனேன். அவன் ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர், ஆயுசில் கடலில் கால் நனைத்ததில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் குடைபிடித்து உட்கார்ந்து ஒரு மண்புழுவை மாட்டிப் போடுகிறான், பத்தே நிமிஷத்தில் முழங்கை நீளத்துக்கு வரால்! நாற்பது வருஷம் சுறா பிடிச்ச நான் சும்மா இருப்பேனா? நம்ம சுறாத் தூண்டில்ல முழுச் சாளை மீனைக் குத்தி, கால்கிலோ ஈயக்கட்டியோட வீசினேன் பாரு, குளத்துக் கொக்கெல்லாம் எழும்பிப் போச்சு. "பையப் போடும் வே, இது கடலில்ல"ங்கான், எனக்குப் பாடம் எடுக்கான்! பெறவு ஒரே கனம். "ஏ மக்கா, பெருசு கிடக்கு!"ன்னு நான் கத்த, குளிச்சிக்கிட்டிருந்தவங்கெல்லாம் ஓடிவர, கயித்தைக் கையில சுத்தி இழுத்தா, ஒரு பாரம் தாமரைக்கொடி. பேச்சிப்பாறை அணைக்குப் போனோம். அவனுக்கு ஏழு கெண்டை, எனக்குச் சளி. திருவட்டாறு ஆத்தங்கரையிலயும் அவனுக்குத்தான் கொத்துச்சு.

அதையும் பொறுத்தேன். ஆனா நம்ம ஜெமி, கிரேசி மகள், என் மடியில வளந்தவ, பள்ளிக்கூடத்துல 'மீன் பிடிக்கும் என் தாத்தா'ன்னு படம் வரைஞ்சிருக்கா. ஆசையா வாங்கிப் பார்த்தா, நாற்காலியும் குடையும்! "இதுல நான் எங்கம்மா?"ன்னு கேட்டேன். "நீங்க ஒண்ணும் பிடிக்கல்லியே பாட்டா"ங்கா. அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கல்ல. பொறாமைதான் மரியான், வயிறு பத்தி எரியுது, உங்கிட்டச் சொல்லுறதுக்கென்ன.

இருந்தாலும் கோயிலில் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்து, ஞானதாசனை மனதார மன்னித்துவிட்டேன். இனி அவனோடு எந்தப் போட்டியுமில்லை, மாதா சாட்சி. உனக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்.

இப்படிக்கு,
மனச்சாந்தி அடைந்த அண்ணன்
இஸ்ரவேல்

பின்குறிப்பு: கவரை ஒட்டும்போது ஞானதாசன் போன் செய்தான். "சம்பந்தி, என்னை ஒருநாள் கடலுக்குக் கொண்டு போவீரா? பயந்து பயந்தே வயசாயிட்டு. உம்மளை நெனச்சா எனக்கு எப்பவும் பொறாமைதான் வே" என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை கடல் அலையில்லாமல் கிடக்குமாம். சனிக்கிழமை காற்று கொஞ்சம் கூடுமாம். ஆபத்துக்கில்லை, வாந்திக்கு மட்டும். சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். ஜெமிக்கும் அன்று லீவு, கரையில் வந்து நிற்பாள்.