இரண்டடி நகராத புயல்

தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் அன்றைக்கு மீன் வாங்க வந்தவர்களைவிடப் புயல் பார்க்க வந்தவர்கள்தான் அதிகம். புயல் என்னவோ அரபிக்கடலில்தான் இருந்தது. அவ்வளவு தூரம் யார் போவது? ஏலக்கூடத்துக்குப் பக்கத்தில் பந்தல் போட்டு, புயலை ஒரு மண்சட்டிக்குள் பிடித்து வைத்திருந்தார் காற்றுக்கட்டியார்.

பெற்றோர் வைத்த பெயர் கிருஷ்ணமணி. மார்த்தாண்டத்தில் மிக்சி பழுதுபார்த்தவர். இப்போது நெற்றியில் திருநீறு, கழுத்தில் சிலுவை, தோளில் பச்சைத் துண்டு. எந்த மதத்துக்காரரின் காணிக்கையையும் அவர் வேண்டாம் என்றதில்லை. இந்தக் காலத்தில் இப்படியொரு சமரசத்தைக் காண்பது அரிது.

சிவப்புப் பட்டு போர்த்திய முக்காலியின் மேல் சட்டி. சட்டியில் மஞ்சள் கரைத்த கடல்நீர். அவர் கண்ணை மூடி முணுமுணுத்துக் கையை அசைத்தால் நீர் தானாகச் சுழலும், நடுவில் குழி விழும். பார்த்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். போன புயலை ஓமன் பக்கம் விரட்டியவரும் இவரே என்று பேச்சு. அரபிக்கடலில் பிறக்கும் புயல்கள் பெரும்பாலும் இந்தக் கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போகிறவைதான். போகிற பஸ்ஸுக்குக் கைகாட்டிவிட்டு, நான்தான் ஓட்டினேன் என்பது போன்ற சாதனை அது.

கூட்டத்தில் நின்ற ஜஸீனாவுக்கு இதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அவளுடைய கணவன் ஷஹீர் விசைப்படகு ஓட்டுபவன். பத்துப் பேரோடு மகாராஷ்டிரக் கரைக்கு வெகு மேற்கே கிடந்தான். எல்லாப் படகும் உடனே கரை பிடிக்க வேண்டும் என்று எச்சரிக்கை வந்தாயிற்று. ஆனால் படகின் முதலாளி யேசுரத்தினம், "காற்றுக்கட்டியார் கட்டிப்போட்டாரு, மீன் கெடைக்க நேரத்துல திரும்பாண்டாம்" என்று செய்தி அனுப்பியிருந்தார். லாபம் தருகிற நம்பிக்கை மனிதனுக்குள் எவ்வளவு சுலபமாக இறங்கிவிடுகிறது!

"மொதலாளி, காத்தழுத்தமா இருந்தது புயலாயாச்சு. எனக்க மாப்பிளைய திரும்பச் சொல்லுங்க," என்றாள், பந்தலில் நின்ற அவரிடம்.

"பயப்படாத மக்கா. அது சட்டிக்குள்ள கெடக்கு, கண்டியா?"

புயல் பிறப்பது இப்படித்தான்: கடல் சூடேறுகிறது. ஈரக்காற்று மேலே எழும்புகிறது. அந்த இடத்தை நிரப்பச் சுற்றிலுமிருந்து காற்று பாய்கிறது. பூமி சுழல்வதால் நேராகப் பாயாமல் வளைந்து சுழல்கிறது. மேலே போன ஈரம் மேகமாகும்போது விடுகிற வெப்பம் இன்னும் காற்றை மேலே இழுக்கிறது. அடியில் வெதுவெதுப்பான கடல் இருக்கும்வரை புயலுக்குத் தீனிக்குப் பஞ்சமில்லை. தின்னத் தின்ன வலுக்கும். இதில் எந்த இடத்திலும் எலுமிச்சம்பழம் வரவில்லை என்பதை ஜஸீனா கவனித்திருந்தாள். கூட்டம் கவனிக்கவில்லை. அது எலுமிச்சம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தது.

அவள் செல்போனில் செயற்கைக்கோள் படத்தைக் காட்டினாள். "புயலு இடப்பக்கமா சுத்துது. ஒங்க சட்டி வலப்பக்கமா சுத்துதே, அது என்னது?"

"கட்டுனா எதிர்ப்பக்கமாத்தான் சுத்தும். முறுக்குன கயித்த அவுக்கது போல," என்றார் காற்றுக்கட்டியார், துளியும் அசராமல்.

கூட்டம் மகிழ்ந்தது. பொய்க்குப் பொருத்தமாக ஒரு கயிறு கிடைத்துவிட்டால் கூட்டத்துக்கு வேறென்ன வேண்டும்?

"செரி. நேத்து லட்சத்தீவு பக்கத்துல நின்ன புயலு இன்னைக்கு கோவாவுக்கு நேரே வந்தாச்சு. சட்டிக்குள்ள கெடக்கது அதே புயலுதானே? அப்போ சட்டிய ரெண்டடி நகத்தி மணல்ல வையுங்க. அங்கேயும் சுத்துதான்னு பாப்போம்."

காற்றுக்கட்டியாரின் முகம் முதல் தடவையாக வெளுத்தது. "தொட்டா புயலு திரும்பி இஞ்ச வரும். ஊரு அழியும்," என்று உறுமினார்.

கூட்டம் பின்னால் நகர்ந்தது. ஜஸீனா முன்னால் நடந்தாள். "வரட்டு. கடலுக்குப் பக்கத்துல இருக்கது எனக்க வீடுதான்," என்றபடி சட்டியைத் தூக்கி மணலில் வைத்தாள்.

சுழல் தளர்ந்தது. குழி மூடியது. நீர் அசையாமல் நின்றது.

"பாத்தியளா, புயலு அடங்கியாச்சு," என்றார் காற்றுக்கட்டியார். கூட்டம் கைதட்டியது. நம்புங்கள், உண்மையிலேயே தட்டியது.

ஜஸீனா விடவில்லை. சட்டியை எடுத்து மறுபடி முக்காலியில் வைத்தாள். நீர் சுழன்றது. கீழே இறக்கினாள். நின்றது. மேலே வைத்தாள். சுழன்றது. கைதட்டல் ஓய்ந்துவிட்டது. அவள் பட்டுத்துணியை இழுத்தாள். உள்ளே பேட்டரியோடு ஒரு பெட்டி சன்னமாக முனகிக்கொண்டிருந்தது. சட்டியைக் கவிழ்த்தாள். மஞ்சள் நீரோடு விரல் நீளத்தில் ஒரு காந்தத்துண்டு விழுந்தது.

"காலேஜ்ல மருந்து கலக்குக மெசினு இது. பெட்டிக்குள்ள ஒரு காந்தம் சுத்தும். அது இழுக்க இழுப்புக்குச் சட்டிக்குள்ள கெடக்க காந்தமும் சுத்தும். நான் கெமிஸ்ட்ரி படிச்சப்போ தெனமும் கண்டது. இத நம்பியா மொதலாளி பதினோரு உயிர அங்க நிறுத்தி வச்சிருக்கியரு?"

யேசுரத்தினம் வயர்லெஸ் இருக்கும் அறைக்கு ஓடினார். "ஷஹீரே, வலைய அறுத்துப் போட்டாலும் பரவாயில்ல, ரத்னகிரிக்கு விடு," என்ற குரல் வெளியே கேட்ட பிறகுதான் ஜஸீனா மணலிலேயே உட்கார்ந்து அழுதாள். இந்தக் களேபரத்தில் காற்றுக்கட்டியார் நழுவிவிட்டார். இயந்திரத்தை விட்டுவிட்டார், உண்டியலை விடவில்லை.

படகு ரத்னகிரித் துறைமுகத்துக்குள் நுழைந்த அன்றைக்கே, அவர்கள் வலை விரித்திருந்த கடலின் மேல் புயல் ஏறிப்போனது.

காற்று ஓய்ந்ததும் ஜஸீனாவின் வாசலில் ஒரு கூட்டம். கையில் தேங்காய், எலுமிச்சம்பழம். முன்னால் யேசுரத்தினம்.

"மக்கா, நீ சட்டியத் தூக்குனதும் புயலு நின்னத நாங்க எல்லாரும் கண்டோம். ஒனக்க கையில என்னவோ இருக்கு. அடுத்த மட்டம் கடலுக்குப் போவும்போ படகை ஒருக்கா தொட்டுத் தருவியா?"

ஜஸீனா அவரையும் பழங்களையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"சட்டிய கவுத்துக் காட்டியாச்சு மொதலாளி. ஒங்க தலைய நான் கவுத்துக் காட்ட முடியாது. அதுக்குள்ள என்ன கெடக்குன்னு நீங்கதான் பாக்கணும்."