முட்டைக்கோஸ் காத்த கச்சிராயபாளையம்

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்த மாபெரும் நிகழ்ச்சி, 'கோமுகி நலவாழ்வு மன்றம்' கச்சிராயபாளையம் கல்யாண மண்டபத்தில் நடத்திய புற்றுநோய் முகாம்தான். சொன்னவர் மன்றத் தலைவர் கண்ணாயிரமே, மைக்கும் மறுக்கவில்லை.

மலையடிவாரத்தில் கரும்பு வெட்டும் ரங்கம்மாள், ஆட்டோவில் விளம்பரம் கேட்டு, டாக்டர் பார்ப்பார் என்று நம்பி, முதல் டவுன் பஸ்ஸிலேயே வந்திருந்தாள். இரண்டு மாதமாக இடது மார்பில் நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி. கூட வந்த பக்கத்து வீட்டு சாலம்மாளிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள். அதாவது, தெருவுக்கே தெரியும்.

"முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி!" என்று முழங்கினார் தலைவர். "மென்று தின்னத் தின்ன 'சல்ஃபோராபேன்' என்ற சத்து உண்டாகி, உடம்பின் காவல்படையைத் தட்டி எழுப்புகிறது!" ஆராய்ச்சிக்காரர்கள் புற்றுநோயிலிருந்து 'காக்கக்கூடும்' என்றுதான் எழுதியிருந்தார்களாம். பேனரில் இடம் போதாமல் 'காக்கும்' ஆகிவிட்டது.

ரங்கம்மாள் எழுந்தாள். "ஐயா, டாக்டரு எப்ப பாப்பாருங்க?"

"டாக்டரா? உனக்கு இன்னாம்மா?"

"மாருல கட்டி இருக்குதுங்க."

மேடை ஆடிப்போயிற்று. செயலாளர் காசிநாதன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கி ஓடிவந்தார்.

"மெதுவா பேசும்மா! இது வராம தடுக்கிற முகாம். வந்தவங்களுக்கு இல்ல. உன்னப் பாத்து மத்தவங்க பயந்துக்கினா, நாங்க சும்மா குடுக்கிற கோஸ யாரு வாங்குவாங்க?"

"அப்ப வந்தவங்க எங்கங்க போறது?"

"அது வேற முகாம். அதுக்கு இன்னும் பேனரே அடிக்கல."

"இதுலயே ரெண்டு வரி சேத்து அடிச்சா ஆவாதா சாமி?" என்றாள் சாலம்மாள்.

"ஊசி வேணாங்க, மாத்திர வேணாங்க," என்று ரங்கம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "யாராச்சும் பாத்து, இது இன்னா கட்டின்னு சொன்னா போதும். வூட்டுல சின்னப் பொண்ணு ஒண்ணு இருக்குதுங்க."

காசிநாதன் கல்நெஞ்சர் அல்லர். வந்தவர்களுக்குத் தலைக்கு ஒரு கோஸ் என்பது தீர்மானம். நோயின் தீவிரம் கருதி, தீர்மானத்தைத் தளர்த்தி, அவளுக்கு இரண்டு கொடுத்தார்.

"ரொம்ப வேகவைக்காத, சத்து பூடும்," என்று சிகிச்சை முறையையும் விளக்கி, வருகைப் பதிவில் கைநாட்டு வாங்கி, வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

ரங்கம்மாள் இரு கையிலும் கோஸோடு பஸ்ஸுக்கு நின்றாள். மண்டபத்து ஒலிபெருக்கியில் தலைவர் அறிக்கை வாசித்தது அங்கேயும் கேட்டது.

"கலந்துகொண்டோர் இருநூற்றுப் பத்து. நோய் கண்டறியப்பட்டோர் எவருமில்லை!"

கைதட்டல் அடங்கவே வெகுநேரம் ஆயிற்று. ஆகாதா பின்னே? ஒருவரையும் தொட்டுக்கூடப் பார்க்காமல், இருநூற்றுப் பத்துப் பேருக்கும் நோயில்லை என்று சொல்ல எவ்வளவு பெரிய கைராசி வேண்டும்!