முதலையின் திருகுப் பல்

ஒரு காட்டில், டோக்கன் இல்லாமல் பல் டாக்டரைப் பார்க்க முடியாது என்று ஆகிவிட்ட காலத்தில், வீராசாமி என்றொரு கிழ முதலை இருந்தது. முதலைக்குப் பல் விழ விழ முளைக்கும். கிழடானால் முளைக்காது. அதன் முன்பல் விழுந்தபோது பல் டாக்டர் முள்ளம்பன்றி தாடையில் டைட்டானியம் திருகு வைத்து, மேலே புதுப் பல் மாட்டியது.

"இரும்பால் சுரண்டக் கூடாது. திருகில் கீறல் விழும், கீறலில் கிருமி குடியேறும், எலும்பு கரைந்து பல் ஆடும்" என்று படிவத்தில் எழுதியிருந்தது. வீராசாமி படிக்காமலே வாலை அழுத்திக் கைநாட்டு வைத்தது.

அதன் வாயைச் சுத்தம் செய்து வயிறு வளர்த்தது ஓர் ஆள்காட்டிக் குருவி. அது படிவத்தைப் படித்தது. அன்றிலிருந்து அலகை ஒதுக்கிவிட்டு, தாமரைத் தண்டு நாரால் திருகைச் சுற்றி மெதுவாகத் துடைத்தது.

"என்னம்மா, வேலை செய்றியா, தூங்குறியா? சத்தத்தையே காணோம்!"

"சத்தம் வந்தா கீறல் விழும்யா."

முதலைக்குத் திருப்தி இல்லை. மரங்கொத்தியைக் கூப்பிட்டது. அது இரும்புக் கொக்கியோடு வந்து கர் கர்ரென்று சுரண்டியது. மண்டை வரை அதிர்ந்தது.

"ஆகா! இதுவல்லவா சுத்தம்!" என்று முதலை கண்ணீர் விட்டது.

மூன்றே மாதத்தில் ஈறு வீங்கி, கெளுத்தி மீனைக் கடிக்கும்போது பல் திருகோடு கழன்று வந்தது.

"நான் வர்றதுக்கு முன்னாடியே அழுக்கு பாறையா இருந்துச்சுங்க. எல்லாம் அந்தம்மா விட்டு வெச்சது" என்றது மரங்கொத்தி.

முதலை நம்பியது. சத்தம் போட்டவன் எப்படி ஏமாற்றுவான்? ஆள்காட்டியை வாய்க்குள் வரச் சொல்லி, மேல்தாடையை மெல்ல இறக்கியது.

"ஐயா, ஒரே ஒரு தடவை! அடுத்த திருகை நான் சுரண்டுற சுரண்டுல காடே அதிரும். பல்லு ஆடுச்சுன்னா முழுங்கிடுங்க."

புதுத் திருகு வந்தது. ஆள்காட்டி உள்ளே போனது. நாரால் பூப்போலத் துடைத்தது. துடைத்துக்கொண்டே தொண்டையைத் திறந்து கர்ர்ர், கர்ர்ர் என்று கத்தியது.

"அப்படித்தான்! இன்னும் அழுத்து!" என்றது முதலை.

ஆறு வருடம் கழித்து முள்ளம்பன்றி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தது.

"ஒரு கீறல்கூட இல்லையே! எப்படிப் பராமரிக்கிறீங்க?"

"நல்லா சுரண்டணும் டாக்டர். சுரண்டாம விட்டாத்தான் கீறல் விழும்" என்றது வீராசாமி. வரிசையில் டோக்கனோடு நின்ற விலங்குகள் எல்லாம் அதைக் குறித்துக்கொண்டன.

ஓரமாக நின்ற ஆள்காட்டி அதை மறுக்க வாயைத் திறந்தது. குரல் வரவில்லை. ஆறு வருடம் கர்ர்ர் என்று கத்தியதில் தொண்டை கட்டிப் போயிருந்தது.

நீதி: மென்மையாக வேலை செய்கிறவர்கள் கைக்கு முன்னால் தொண்டையைப் பழக்க வேண்டும்.