வருங்கால மாமனாரின் ஒன்பது காலைகள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து இருபதிலிருந்து ஐந்து முப்பத்தொன்று வரை, ஸ்ரீவில்லிபுத்தூரில் அறுபது பேர் முன்னிலையில், என் வருங்கால மாமனாரின் மலச்சிக்கலைப் பற்றி நான் உரையாற்றினேன். பதினோரு நிமிடம். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. மைக் வேறு அன்றைக்கென்று பார்த்து நன்றாக வேலை செய்தது.

இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு இப்போது வெட்கம் குறைந்துவிட்டது. நான் சொல்லாவிட்டால் என் மனைவி கோமதி சொல்லிவிடுவாள். அவள் சொன்னால் அரை மணி நேரம் ஆகும்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் டைம் கீப்பர். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு வெளியே போனார் என்று எழுதுவதுதான் வேலை. வேலை முடிந்த பிறகும் அந்தப் பழக்கம் என் பைக்கில் ஏறி வீட்டுக்கு வந்துவிடும். மழை எப்போது பிடித்தது, கரண்ட் எப்போது போனது, பக்கத்து வீட்டுக்கு விருந்தாளி எப்போது வந்தார், எப்போது ஒருவழியாகக் கிளம்பினார் எல்லாம் என் நோட்டில் இருக்கும். "இவன் பொறந்த நேரத்த நாங்க சரியாக் குறிக்க விட்டுட்டோம், அதான் இப்படி ஆயிட்டான்" என்பாள் அம்மா. (உண்மைதான். என் ஜாதகத்தில் பிறந்த நேரம் உத்தேசமாகத்தான் இருக்கிறது. நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரியும்.)

இதோடு இன்னொரு பழக்கமும் சேர்ந்தது. நூலகத்தில் இயற்கை உணவைப் பற்றி இருந்த அத்தனை புத்தகங்களையும் ஒரே கோடையில் படித்து முடித்தேன். காலையில் பழமும் ஊறவைத்த நிலக்கடலையும் தேங்காயும் மட்டும். காப்பி கிடையாது, வெள்ளைச் சீனி கிடையாது, புரோட்டா கிடையவே கிடையாது. நான் மட்டும் அப்படித் தின்றுவிட்டுச் சும்மா இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. கேட்பவர்களுக்குப் பதில் சொல்லவும் ஆரம்பித்தேன்.

மில் கேன்டீனில் எனக்குக் கூட்டம் சேர்ந்தது. முடி கொட்டுகிறது, நெஞ்சு எரிகிறது, முட்டி வலிக்கிறது, எழுந்ததும் வெறும் வயிற்றில் என்ன குடிக்கலாம்? யோசித்துப் பார்த்தால் நான் சொன்ன பதில்களில் பெரும்பகுதி 'கீரை சாப்பிடுங்கள், தண்ணீர் குடியுங்கள், சீக்கிரம் தூங்குங்கள்' என்பதுதான். அதை மூன்று விதமாகச் சொல்லக் கற்றிருந்தேன். ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, நீள நோட்டில் கட்டம் போட்டு எழுதி வைப்பேன்: வயது, தொல்லை, சொன்ன உணவு, நாள்வாரி விளைவு, கடைசியில் 'குறிப்பு'. என் வாழ்க்கையைக் கவிழ்க்கப் பார்த்தது அந்தக் கடைசிக் கட்டம்.

கோமதியைப் பெண் பார்க்க நாங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் போனது காலை பத்தரைக்கு. அவளுடைய அம்மா, இன்றைக்கு என் அத்தை, கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும் கொண்டுவந்து வைத்தார்கள். நான் தட்டை மெல்லத் தள்ளிவிட்டு, மதியம் வரை சமைத்ததைத் தொடுவதில்லை என்றேன். அதோடு நிறுத்தினேனா? சீனி உடம்புக்குள் போய் என்ன செய்கிறது என்பதை விளக்கினேன். என் அம்மா என் தொடையைக் கிள்ளியது எனக்கு உறைக்கவில்லை. அத்தை தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். அடுப்படியிலிருந்து குரல் மட்டும் தெளிவாக வந்தது.

"பச்சக் காயத் திங்கறவருக்கு நான் எதுக்கு விடியக்காலம் எந்திரிச்சு அடுப்பப் பத்த வச்சேன்?"

இருந்தும் கோமதி சரி என்று சொன்னாள். காரணத்தைக் கல்யாணத்துக்குப் பிறகு கேட்டேன். உங்கள் பங்கு கேசரியும் எனக்கே வந்தது, வாழ்நாள் பூராவும் இப்படியே வரும் என்று நினைத்தேன் என்றாள்.

கோமதியின் அப்பா, அதாவது என் மாமா, கோர்ட்டில் பெஞ்சு கிளார்க். அதிகம் பேச மாட்டார். அவர் தொண்டையைக் கனைத்தால் கட்சிக்காரர்கள் எழுந்து நின்றுவிடுவார்கள் என்று கேள்வி. அன்று எங்களை வழியனுப்ப பஸ் ஸ்டாண்டு வரை வந்தவர், என்னை மட்டும் ஒரு கொய்யாப்பழ வண்டி ஓரமாக ஒதுக்கிக்கொண்டு போனார். இரண்டு பக்கமும் பார்த்தார்.

"தம்பி, நம்ம ஆபீஸ்ல ஒருத்தருக்குக் காலைல போறதுல கொஞ்சம் செரமம். நாலஞ்சு நாளைக்கு ஒருக்காத்தான்."

"அவுகளுக்கு வயசு என்ன மாமா?"

"எம் வயசுதான்."

"சாப்பாடு?"

"எங்க வீட்டுச் சாப்பாடு மாதிரித்தான் இருக்கும்."

நான் நோட்டை எடுத்தேன். அவர் முகம் மாறியது. "பேரு போட வேண்டாம்" என்றார். போட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கை நான் மீறவேயில்லை என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

காலை இட்லியை நிறுத்த வேண்டும், பதிலுக்குக் கொய்யா இரண்டு, பப்பாளி, இரவு ஊறவைத்த உலர்திராட்சை, மதியம் கீரை, தண்ணீர் நிறைய, பத்து நாளில் சரியாகாவிட்டால் டாக்டர். இதுதான் நான் சொன்னது. மாமாவுக்கு இதில் ஒரே சிக்கல்தான். அவர் காலையில் சீக்கிரம் கிளம்புவதால் அத்தை ஐந்து இட்லியும் சட்னியும் டிபன் பாக்ஸில் வைத்துக் கொடுத்துவிடுவார்கள். வேண்டாம் என்று சொல்லும் தைரியம் கோர்ட்டையே அடக்கி வைத்திருந்தவருக்கு வீட்டில் இல்லை. அதிலும், சமைத்ததைத் தொடாத மாப்பிள்ளை சொல்லி நிறுத்தினேன் என்றால் கல்யாணமே நின்றுபோகும். ஆகவே இட்லியை ஆபீஸ் உதவியாளருக்குக் கொடுத்துவிட்டு, இவர் மரத்தடியில் நின்று கொய்யாவைக் கடித்தார்.

தினமும் காலை ஏழே முக்காலுக்கு எனக்குப் போன் வரும். யாராவது ஒட்டுக் கேட்டாலும் புரியாதபடி கோர்ட்டு பாஷையில் பேசுவார். "இன்னைக்கும் வாய்தாதான் தம்பி" என்பார். ஐந்தாம் நாள் "விசாரணை ஆரம்பிச்ச மாதிரி இருந்துச்சு, பொறவு தள்ளி வச்சாச்சு" என்றார். ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை, வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னாலேயே போன் வந்தது.

"தீர்ப்பு வந்துருச்சு தம்பி. முழுசா."

நான் எல்லாவற்றையும் எழுதினேன். இட்லி கை மாறியதையும் எழுதினேன். உதவியாளர் சாப்பிட்டுவிட்டு என்ன சொன்னார் என்பதையும் மாமா பேச்சுவாக்கில் சொன்னார். அதையும் 'குறிப்பு' கட்டத்தில் சேர்த்தேன்.

அந்த நன்றியில்தான் மாமா கூட்டத்தையே ஏற்பாடு செய்தார். அவர்கள் தெருவில் ஒரு வாசகர் மன்றம் உண்டு. 'உடல்நலக் கேள்விகளுக்கு இயற்கை உணவின் பதில்கள்' என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். நிச்சயதார்த்தத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. தெருவுக்கே மாப்பிள்ளையைக் காட்டிவிடலாம், பச்சக்காய் என்று இன்னும் முறைத்துக்கொண்டிருந்த அத்தையும் கைதட்டலைக் கேட்டால் கொஞ்சம் இளகிவிடுவார்கள் என்பது அவர் கணக்கு. முன்வரிசையில் சலவைச் சட்டையோடு அவர் உட்கார்ந்திருந்தார். பெண்கள் பக்கம் மூன்றாம் வரிசையில் அத்தையும் கோமதியும்.

ஆரம்பம் நன்றாகவே போனது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிற ஓர் அம்மா, பழம் தின்றால் மாத்திரையை விட்டுவிடலாமா என்று கேட்டார்கள். அதை டாக்டரிடம்தான் கேட்க வேண்டும், தானாக நிறுத்தக் கூடாது என்றேன். (அன்று மாலை நான் பேசிய ஒரே புத்திசாலித்தனமான வாக்கியம் அது.) ஒரு பெரியவர் எழுந்து, பால் மாட்டிடமிருந்துதானே வருகிறது, அப்படியானால் பால்கோவாவும் இயற்கை உணவுதானே என்றார். ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்றுகொண்டு அதற்கு நான் விரிவாக மறுப்புச் சொன்னேன். கூட்டம் லேசாகக் குளிர்ந்தது.

அப்போதுதான் கடைசி வரிசையிலிருந்து ஒரு மருந்துக்கடைக்காரர் எழுந்தார்.

"புத்தகத்துல இருக்கிறத நாங்களும் படிச்சுக்கிருவோம். நீங்க சொல்லி யாருக்காச்சும் சரியாயிருக்கா? ஆதாரம் இருக்கா?"

ஆதாரம். என் வாழ்நாளில் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. நான் இத்தனை வருடமாக எழுதிக் குவித்ததெல்லாம் இந்த ஒரு கேள்விக்காகத்தானோ என்று தோன்றியது. பையிலிருந்து நோட்டை எடுத்தேன். முன்வரிசையில் மாமா தலையை மெல்ல ஆட்டினார். 'படியுங்கள்' என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

"பெயரைச் சொல்ல மாட்டேன்" என்று ஆரம்பித்தேன். "அது மருத்துவ தர்மம். வயது ஐம்பத்தாறு. இதே ஊர். கோர்ட்டு உத்தியோகம். காலையில் சீக்கிரம் கிளம்புபவர். மீசை உண்டு."

முதலில் இரண்டாம் வரிசை திரும்பி முன்வரிசையைப் பார்த்தது. பிறகு மூன்றாம் வரிசை. கூட்டம் முழுக்க ஒரு திசையில் கழுத்தைத் திருப்பியதை, என் பேச்சில் ஒன்றிப்போய்விட்டார்கள் என்று புரிந்துகொண்டேன். குரலைக் கொஞ்சம் உயர்த்தினேன். முதல் நாள், நேரம், முயற்சி, பலன் இல்லை. இரண்டாம் நாள், அதே. ஐந்தாம் நாள் நம்பிக்கை தெரிந்ததும் ஹாலில் யாரோ "அப்பாடா" என்றார்கள். ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை, காலை ஆறு நாற்பது என்று நான் நிறுத்தி, நிமிர்ந்து பார்த்து, "முழு வெற்றி" என்றபோது கைதட்டல் வந்தது. மருந்துக்கடைக்காரரே எழுந்து நின்று தட்டினார். மாமா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கே நோட்டை மூடியிருக்கலாம். ஆனால் கட்டம் இன்னும் ஒன்று மீதி இருந்ததே.

"குறிப்பு" என்று படித்தேன். "வீட்டில் கொடுத்துவிட்ட இட்லி, நாள் ஒன்றுக்கு ஐந்து, அலுவலக உதவியாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. உதவியாளர் கருத்து: இட்லி பரவாயில்லை. சட்னியில் உப்புக் கூடுதல்."

பெண்கள் பக்கம் ஒரு நாற்காலி பின்னால் நகர்ந்தது. அத்தை எழுந்து நின்றார்கள். புருஷனுடைய வயிற்று விவகாரம் ஊருக்குத் தெரிந்ததில் அவர்களுக்கு எந்த வருத்தமும் இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. மாமாவை மட்டும் பார்த்தார்கள்.

"ஒம்பது நாளா வெறும் டப்பாவ வீட்டுக்குக் கொண்டாந்து, நல்லா இருந்துச்சுன்னு சொன்னீகளே."

அவ்வளவுதான். செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். கோமதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் ஓடினாள். அழுகிறாள் என்று நினைத்து நான் நொறுங்கிப்போனேன். (அழவில்லையாம். வீட்டுக்குப் போகும்வரை சிரிப்பை அடக்கியதில் விலா வலித்ததாம்.) கூட்டம் கலைந்ததும் ஏழு பேர் தனித்தனியாக வந்து உலர்திராட்சை எத்தனை என்று காதோரம் கேட்டுப் போனார்கள். எல்லோருமே தங்கள் ஆபீஸில் உள்ள வேறொருவருக்காகக் கேட்டார்கள்.

நான்கு நாள் போன் வரவில்லை. ஐந்தாம் நாள் கோமதி கூப்பிட்டு, அம்மா நிச்சயதார்த்தத்தைத் தள்ளி வைக்கச் சொல்கிறார்கள் என்றாள். அவளுக்கும் இப்போது சிரிப்பு வரவில்லை. 'அப்பாவையே பொய் சொல்ல வச்சவர் ஒன்னய என்ன செய்வாரோ' என்று கேட்கிறார்களாம். என் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஏலே, மில்லுல எழுதுறது ஒனக்குப் போதாதா? போ. போயி அந்த அம்மா கால்ல விழுந்தாவது கேளு. நல்ல பிள்ளைய விட்டுறாதல."

மறுநாள் காலை எட்டு ஐந்துக்கு அவர்கள் வீட்டு வாசலில் நின்றேன். மன்னிப்புக் கேட்க மூன்று வாக்கியம் தயாரித்து வைத்திருந்தேன். அத்தை எதையும் கேட்கவில்லை.

"உக்காருங்க தம்பி."

இலை போட்டார்கள். ஐந்து இட்லி, தேங்காய்ச் சட்னி. மாமா கூடத்தில் செய்தித்தாளை விரித்து அதற்குப் பின்னால் காணாமல் போயிருந்தார். கதவோரம் கோமதி. நான் இரண்டு வருடமாகக் காலையில் வேகவைத்த எதையும் தொட்டதில்லை. ஒவ்வொன்றாகச் சாப்பிட்டேன். நான்காவது இட்லியில் அத்தை கேட்டார்கள்.

"உப்பு எப்படி இருக்கு?"

செய்தித்தாள் அசையாமல் நின்றது. கோமதி கண்ணால் கெஞ்சினாள். நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் கல்யாணம். ஆனால் இருக்கிறதை இருக்கிறபடி எழுதியே பழகிய நாக்கு இது.

"செத்தக் கூடத்தான் இருக்கு அத்தை."

அவர்கள் விரலால் சட்னியைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்கள். வெகுநேரம் சப்புக்கொட்டிக்கொண்டே நின்றார்கள். (எவ்வளவு நேரம் என்று அன்று நான் கடிகாரம் பார்க்கவில்லை. அந்த அளவு பயம்.) பிறகு கூடத்தைப் பார்த்துத் திரும்பினார்கள்.

"முப்பது வருசமா நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு சொல்லி என் நாக்கையே கெடுத்து வச்சிருக்கீக. இந்தத் தம்பி மூஞ்சிக்கு நேரா சொல்லுது பாருங்க." என் இலையில் இன்னொரு இட்லி வைத்தார்கள். "நிச்சயத்துக்கு நாள் மாத்த வேண்டாம். ஆனா ஒண்ணு மாப்ள. இந்த வீட்டுக்குள்ள வாரப்போ பேனாவ வெளிய வச்சுட்டு வரணும்."

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது.

அந்தச் சட்டம் இரண்டு ஊர்ச் சொந்தக்காரர்களிடையேயும் பரவிவிட்டது. இன்றும் என்னிடம் இயற்கை உணவு யோசனை கேட்க வருகிறவர்கள் முதலில் என் சட்டைப் பையைத்தான் பார்க்கிறார்கள். சித்தப்பா ஒருவர் மூலத்துக்கு யோசனை கேட்கும் முன் என் இரண்டு கையையும் மேசைமேல் விரித்து வைக்கச் சொன்னார். கல்யாண வீடுகளில் மாமா யாரிடமாவது என்னை அறிமுகப்படுத்தினால், "நல்ல பிள்ளை, ஆனா எதுவும் சொல்லிறாதீக, தேதியோட வெளிய வந்துரும்" என்கிறார்.

கல்யாணமான அடுத்த வருடம் ஒரு நாள் காலை. நான் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கோமதி வந்து எதிரில் நின்று, என் பையிலிருந்த பேனாவைத் தானே எடுத்து ஜன்னலில் வைத்தாள்.

"ஒரு விசயம் சொல்லணும். இத எங்கயும் எழுதக் கூடாது. மூணு மாசம் முடியட்டும்."

சொன்னாள். நான் எழுதவில்லை. எந்த நோட்டிலும் அது கிடையாது.

வியாழக்கிழமை. காலை ஆறு ஐம்பது. பால்காரர் அப்போதுதான் மணி அடித்தார்; இரண்டு முறை.