ஈறில் ஊறிய கவலை

தன் வாய்க்குள் ஏதோ விபரீதம் இருக்கிறது என்பது பல் டாக்டரின் முகத்தைப் பார்த்ததுமே தையல்காரருக்குப் புரிந்துவிட்டது.

அவர் வந்தது மனைவிக்குத் துணையாகத்தான். அவளுக்கு ஈறு வீங்கி, பல் ஆட ஆரம்பித்திருந்தது. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மெல்லிய காகிதத் துண்டு ஒன்றைச் செருகி, அங்கே ஊறும் நீரை எடுத்தார்கள். உள்ளே எவ்வளவு அழற்சி என்பதை அந்த நீரே காட்டிக்கொடுத்துவிடுமாம். பிறகு பல் வேர்வரை சுத்தம் செய்ய அவளை உள்ளறைக்கு அழைத்துப் போனார்கள்.

உதவியாளர் பெண் தையல்காரரிடம் வந்து ஏதோ விளக்கினாள். உள்ளறையில் மிஷின் போட்ட கூச்சலில் ஒரு வார்த்தையும் அவர் காதில் ஏறவில்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்டி வைத்தார். அடுத்த நிமிஷம் நாற்காலியில் வாயைத் திறந்தபடி கிடந்தார்.

டாக்டர் எட்டிப் பார்த்தார். "அடேயப்பா!" என்றார். பயிற்சிக்கு வந்த மாணவர்களைக் கூப்பிட்டார். "ஓடி வாங்க. இந்த மாதிரி ஈறு லேசுல பார்க்கக் கிடைக்காது!"

தையல்காரரால் "ஆ... ஆ..." என்றுதான் கேட்க முடிந்தது. அவரிடமும் ஈறு நீர் எடுத்தார்கள்.

"அடுத்த தடவை வீட்டம்மா வரும்போது நீங்களும் வரணும். மறந்துடாதீங்க" என்றார் டாக்டர்.

தையல்காரர் தன் பக்கத்துக் கடை கடிகாரக்காரரிடம் சொல்லி அழுதார்.

"இவ்வளவு வற்புறுத்துறார்னா முத்திப்போச்சுன்னு அர்த்தம்" என்றார் அவர். "ஈறைக் கீறி, சுத்தம் பண்ணி, தையல் போடுவாங்க. என் மச்சானுக்குப் போட்டாங்க."

"தையலா?"

ஊர்த் துணியையெல்லாம் தைத்த மனுஷன், தன் சதையில் ஊசி ஏறும் என்றதும் கன்னத்தைப் பொத்திக்கொண்டார். அடுத்த தடவை போவதற்குள் எப்பாடுபட்டாவது அழற்சியைக் குறைத்துவிடுவது என்று முடிவு கட்டினார்.

முரட்டு பிரஷ் ஒன்று வாங்கி, காலர் அழுக்கைத் தேய்ப்பதுபோலத் தேய்த்தார். ரத்தம் வந்தது. 'பாரு, வியாதி வெளியே தலைகாட்டுது' என்று கை நிறைய உப்பைப் போட்டுக் கொப்பளித்தார். வாய் வெந்தது. எரிச்சல் அடங்க கிராம்பு எண்ணெயை அப்படியே தடவினார். நாக்கு மரத்துப்போய், வாடிக்கையாளரிடம் "கை நீளம்" என்று சொல்ல வந்தது "ஹை ஈளம்" என்று வந்தது. வந்தவர் அளவு கொடுக்காமலே போய்விட்டார்.

மனைவிக்கோ நாளுக்கு நாள் தேறிவந்தது.

"என்னங்க, ஏன் இப்படிப் போட்டுத் தேய்க்கிறீங்க? மெதுவா தேய்க்கணும்னு டாக்டர் சொன்னாரே."

"உன்னுது சாதாரண வியாதி. என்னுது வேற" என்றார் அவர், முகத்தைத் திருப்பிக்கொண்டு. தான் கண்ணை மூடிவிட்டால் இவள் அந்தத் தையல் மிஷினை என்ன விலைக்குத் தள்ளுவாளோ என்ற நினைப்பு வேறு வந்துவிட்டது.

பல் இடுக்கில்தான் விஷமம் ஒளிந்திருக்கிறது என்று யாரோ சொல்ல, பட்டன் தைக்கும் நூலை இரண்டு கையிலும் சுற்றி, ரம்பம்போல இழுத்தார். இருந்த கொஞ்சநஞ்ச ஈறும் கிழிந்து தொங்கியது.

சொன்ன நாளில் இருவரும் போனார்கள். மனைவியின் பரிசோதனையைப் பார்த்து டாக்டர் சிரித்தார். "அழற்சி நல்லா இறங்கிடுச்சும்மா. இப்படியே பார்த்துக்குங்க."

தையல்காரர் வாயைத் திறந்தார். செருகிய காகிதம் சிவப்பாக வெளியே வந்தது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, மறுபடி பார்த்தார்.

"என்னய்யா இது?"

தையல்காரரின் கண் கலங்கிவிட்டது. "ஒளிக்காதீங்க டாக்டர். முதல் நாளே உங்க முகத்துல தெரிஞ்சுது. என்னால முடிஞ்சதெல்லாம் செஞ்சு பார்த்துட்டேன். கீறணும்னா கீறுங்க, தைக்கணும்னா தைச்சிடுங்க. தாங்கிக்கிறேன்."

பக்கத்தில் நின்ற உதவியாளர் பெண்தான் அழமாட்டாத குறையாகச் சொன்னாள்:

"ஐயோ சார், நோயே இல்லாத ஈறு எப்படி இருக்கும்னு ஒப்பிட்டுப் பார்க்கத்தானே எங்க ஆராய்ச்சியில உங்களைச் சேர்த்தோம்!"