ஆவன்னா ஆனைக்கு வெடி போட்ட கதை

சின்னப் பிள்ளைகளுக்குக் கற்பனை வேண்டும் என்று மேடையில் பேசுகிறவர்களைப் பிடித்து, ஒரு நாள் ஒட்டுசுட்டான் பக்கத்து முன்பள்ளி ஒன்றில் விட வேண்டும். நானும் அப்படிப் பேசித் திரிந்தவள்தான். (வயது இருபத்திமூன்று. வாய் அதிகம், அறிவு மட்டு.)

முன்பள்ளியில் என்னைத் தற்காலிகமாகத்தான் எடுத்திருந்தார்கள். கல்விக் கந்தோரிலிருந்து ஒரு சேர் வந்து, நான் படிப்பிப்பதைப் பார்த்துச் சரியென்றால்தான் வேலை நிலைக்கும். ஆவன்னாவுக்கு ஊரெல்லாம் சொல்லுகிற ஆட்டையே நானும் சொல்லுவதா? மட்டைகளை ஒட்டிக் கதவளவில் நானே ஒரு படப் புத்தகம் செய்தேன். அனாவுக்கு அம்மா அப்பம் சுடுகிறா. ஆவன்னாவுக்கு ஆனை, கண்ணாடி போட்டுக் குடை பிடித்து, யன்னலுக்குள் தும்பிக்கையை விட்டு அப்பம் கேட்கிறது. எனக்கு அது அவ்வளவு வடிவு.

சேர் பின்னால், பிள்ளைகளின் கதிரையில் முழங்கால் நாடியில் முட்ட இருந்தார். ஆனைப் பக்கத்தைத் திருப்பினேன். ஒரு சத்தமும் இல்லை. சொக்கிப்போனார்கள் என்று நினைத்தேன். (மடைச்சி.)

நாலு வயது யதுசன் எழும்பினான். அவர்கள் வீட்டுக் குசினிச் சுவரைத் தள்ளி நெல் மூட்டையை இழுத்துப் போனது ஆனைதான். அது கண்ணாடியும் போட்டிருக்கவில்லை, குடையும் பிடிக்கவில்லை.

"ரீச்சர், கிட்ட நிக்காதேங்கோ," என்றான். பிறகு சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக் கரண்டியால் அடிக்கத் தொடங்கினான். அவ்வளவுதான். ஆனை வந்தால் என்ன செய்ய வேண்டுமென்று வீட்டில் பழக்கியதை அத்தனை பிள்ளைகளும் செய்தார்கள். கோப்பை, மூடி, தகரப் பெட்டி, கூக்குரல். இது வெறும் படம் என்று நான் கத்தினது எனக்கே கேட்கவில்லை.

வயலில் நின்ற சனத்துக்கு எல்லாம் கேட்டது. தகரம் அடித்தால் எங்கள் பக்கத்தில் ஏன் என்று கேட்க மாட்டார்கள். ஆனை வெடியோடு ஓடிவந்தார்கள். ஒருவன் பள்ளிக்குப் பின்னால் ஒன்றைக் கொளுத்திப் போட்டான். காதடைத்தது. கூரை ஓடு இரண்டு கழன்று விழுந்தது. சேரைக் காணவில்லை.

மேசைக்குக் கீழே இருந்தார். தலை மட்டும்தான் உள்ளே போயிருந்தது.

"பிள்ளை, ஆனை போயிட்டுதோ?"

"அது புத்தகத்துக்குள்ள நிக்குது, சேர்."

என் வேலை போனது என்றே நின்றேன். அவர் எழும்பித் தூசியைத் தட்டி, புத்தகத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு படத்துக்கு மேலிருந்த எழுத்தில் விரலை வைத்தார். "ஆ!" என்று கோப்பைகளுக்குப் பின்னாலிருந்து எல்லாப் பிள்ளைகளும் சொன்னார்கள்.

"எழுத்துப் பிடிபட்டிட்டுது," என்றார் சேர். "நீங்கள் இருங்கோ. இந்தப் புத்தகம் இருக்கக்கூடாது."

வெடி போட்டவனைத்தான் பிறகு கலியாணம் கட்டினேன். அவரைத் திட்டத் தொடங்கினது இன்னும் முடியவில்லை. மழை பெய்தால் வகுப்பில் வாளி வைப்பது நான். விழுத்தின ஓடுகளை ஏறிப் போடுங்கோ என்று எத்தனை மாரிக்குக் கேட்டாயிற்று. கதிரையை விட்டு அசையாமல், எங்கள் பிள்ளைகள் சிரிக்க, ஒரே மறுமொழிதான்:

"உன்ரை ஆனை போயிட்டுதோ எண்டு வடிவாப் பாத்துச் சொல்லு. ஏறுறன்."