விக்கலுக்குச் செப்புத் தகடு

கொரியாவின் குன்சான் ஊரில் மனிதனுக்கு விக்கல் வந்தால் தண்ணீர் கொடுப்பார்கள். கம்ப்யூட்டருக்கு விக்கல் வந்தால் பூமிக்கடியில் ஓடுகிற தண்ணீரைத் தடுப்பார்கள். இந்தப் பேருண்மையை ஊருக்கு அருளியவர் கில் ஆசான்.

ஆசான் வீட்டு வாசலில் விடிந்ததும் கார்கள் வரிசை கட்டிவிடும். முன்பெல்லாம் தூக்கம் வராதவர்கள், தீராத தலைவலிக்காரர்கள், பிள்ளை பரீட்சையில் கோட்டை விட்ட பெற்றோர்கள் வந்தார்கள். இப்போது வருகிறவர்கள் பிசி பாங் முதலாளிகள். மணிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு, ஆளை உட்காரவைத்துக் கம்ப்யூட்டரில் சுட்டுத்தள்ள விட்டு, பசித்தால் அங்கேயே ராம்யோன் நூடுல்ஸ் காய்ச்சிக் கொடுக்கிற கடைக்குத்தான் பிசி பாங் என்று பெயர். தெருவுக்கு நாலு இருக்கும். நாலிலும் விக்கல்.

ஆசானின் ஆயுதங்கள் இரண்டே இரண்டு பித்தளைக் கம்பிகள். 'ட' எழுத்து மாதிரி வளைந்திருக்கும். கைக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு நடப்பார். கம்பிகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டால் அந்த இடத்துக்குக் கீழே நீர்நாடி ஓடுகிறது என்று பொருள். அதன் மேல் படுத்தால் தூக்கம் கெடும், கடை வைத்தால் வியாபாரம் கெடும், கம்ப்யூட்டர் வைத்தால் விக்கும். செப்புத் தகடு வைத்தால் நாடி அடங்கும். தோண்டிப் பார்த்தவர் யாரும் இல்லை. தோண்டினால் தரை பாழாகுமே!

அந்த வரிசையில் ஒரு நாள் மா ஹேசூனும் போய் நின்றாள். கோழி வறுத்து விற்ற கடையை மூடிவிட்டு, அந்தப் பணத்தையெல்லாம் போட்டு 'வெள்ளித் திமிங்கிலம்' என்ற பிசி பாங்கைத் திறந்தவள். குறை ஒன்றும் வைக்கவில்லை. திறப்பு நாளில் ஊர் வழக்கப்படி சிரித்த முகமுள்ள பன்றித்தலையாகத் தேடிப் பிடித்து, அதன் முன் விழுந்து கும்பிட்டு, வாயில் நோட்டுகளையும் செருகினாள். பன்றி சிரித்துக்கொண்டே இருந்தது. செத்த பிறகும் அதற்கு விஷயம் புரிந்திருக்கிறது.

கம்ப்யூட்டர்ப் பெட்டிகளோ ஊரிலேயே விலை உயர்ந்தவை. கண்ணாடிச் சுவர் வைத்த பெட்டிகள். மூடிய அறையில் மின்விசிறி போட்டுத் தூங்கினால் ஆள் போய்விடுவான் என்று நம்புகிறவர்கள் வாழும் ஊரில், பெட்டிக்கு ஒன்பது விசிறி. விசிறிக்கு விசிறி வண்ண விளக்கு. சிவப்பு நீலமாகும், நீலம் பச்சையாகும், பச்சை அலையலையாய் ஓடும். எல்லாக் கடையிலும் வண்ண விளக்கு உண்டு, ஆனால் இவ்வளவு விளக்கு ஹேசூனின் சொந்த யோசனை. கடைக்கு வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்து அவள் பூரித்துப் போவாள்.

உள்ளே உட்கார்ந்தவர்கள் பூரிக்கவில்லை. எதிரி எதிரே வருவான், விரல் பொத்தானை அமுக்கும், அந்தக் கணம் பார்த்துப் படம் ஒரு விக்கு விக்கும். கண் இமைத்து முடிப்பதற்குள் ஓடத் தொடங்கிவிடும். ஆனால் அதற்குள் ஆள் செத்திருப்பான். மெக்கானிக் வந்து கிராஃபிக்ஸ் கார்டை மாற்றினான், மெமரியை மாற்றினான், பவர் சப்ளையை மாற்றினான். கடைசியில் "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, எல்லாவற்றுக்கும் பில் போட்டான்.

ஆசான் கடைக்கு எழுந்தருளிய அன்று நிற்க இடமில்லை. எதிரே பிசி பாங் வைத்திருக்கும் தோ, ஒரு வாய் காபி குடிக்க வந்தவர் போல வந்து முதல் வரிசையைப் பிடித்துக்கொண்டார்.

"முதல்ல விளக்கை அணைக்கணும்," என்றார் ஆசான். "நீர்நாடிக்கு ஒளி ஆகாது."

ஹேசூன் சுவரில் இருந்த சுவிட்சைத் தேடினாள்.

"அது இல்லம்மா, பெட்டிக்குள்ள இருக்கிற விளக்கு. நீங்க விடுங்க, நான் பார்த்துக்கறேன்." ஆசானே நாற்காலியில் அமர்ந்து, மவுஸைப் பிடித்து, விளக்குகளை ஆட்டுவிக்கும் சாஃப்ட்வேரை மூடினார். அறுபது வயதுச் சித்தருக்கு விரல் நன்றாகவே ஓடியது. யாரும் விரலைப் பார்க்கவில்லை. எல்லாருடைய கண்ணும் கம்பி மேல்.

கம்பிகள் வெட்டிக்கொண்டன. கூட்டம் "ஆ" என்றது. சிவப்புப் பட்டுப்பையில் தைத்த வட்டச் செப்புத் தகட்டை ஆசான் பெட்டிக்கு அடியில் செருகினார். விளையாட்டைப் போட்டார்கள். விக்கல் இல்லை. படம் வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு ஓடியது. இதையே ஒவ்வொரு பெட்டியாகச் செய்தார்.

"ரெண்டே நிபந்தனை," என்றார் ஆசான். "பையைப் பிரிக்கக் கூடாது, சக்தி போயிரும். பெட்டியை அணைக்கக் கூடாது, நாடி முழிச்சுக்கும்."

ஹேசூன் இரவு பகலாகப் பெட்டிகளை ஓடவிட்டாள். மின்சாரக் கட்டணம் ஏறியது. நாடி தூங்கியது. எதிர்க் கடைத் தோ பெட்டிக்கு இரண்டு தகடாக வாங்கிப் போட்டார். போட்டி என்று வந்துவிட்டால் மூடத்தனத்திலும் பின்தங்க முடியுமா?

பிறகு ஒரு புயல் மழை. மின்சாரம் ஒரு சிமிட்டல் சிமிட்டியது. எல்லாப் பெட்டிகளும் அணைந்து திரும்ப எழுந்தன. விக்கலும் எழுந்தது.

"மழை பேஞ்சா நாடி பெருகாதா?" என்று ஆசான் ஹேசூனையே கேட்டார். "தகட்டோட வயிறு நிரம்பிப் போச்சு. இனிமே இந்தச் சின்னத் தகடெல்லாம் தாங்காது. கடை முழுக்கத் தரைக்கடியில செம்பு விரிக்கணும்."

அவர் சொன்ன தொகைக்கு ஹேசூனிடம் மிச்சமிருந்தது ஒன்றுதான். குடியிருக்கும் வீட்டுக்காகக் கொடுத்து வைத்திருந்த முன்பணம். அதைத் திரும்ப வாங்கிவிட்டால் வீட்டைக் காலி செய்யவேண்டும். கடைச் சமையலறைக்குப் பின்னால் அரிசி மூட்டை வைக்கிற அறை இருக்கிறதே, அங்கே படுத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தாள். ஞாயிற்றுக்கிழமை மற்ற முதலாளிகள் முன்னிலையில் ஆசான் இன்னொரு முறை மகிமையைக் காட்டுவார், பிறகு கையெழுத்து என்று ஏற்பாடாயிற்று.

இதைக் கேட்டு ராம்யோன் கிண்ணத்தைக் கீழே வைத்தவள் ஓக் சேரின். தினமும் வேலை முடிந்து வந்து முதல் பெட்டியில் உட்காருகிறவள். நூடுல்ஸ் தொழிற்சாலையில் ருசி பார்க்கும் வேலை. அங்கே பொட்டலத்தின் பெயரை மறைத்துவிட்டுத்தான் சுவைக்கக் கொடுப்பார்கள். பெயர் தெரிந்தால் நாக்கு பொய் சொல்லும் என்பது அவளுக்கு அத்துப்படி.

"சித்தி, அரிசி மூட்டையோட படுக்கப் போறீங்களா?"

"என்னடி பண்றது? கடை நிக்கணுமே."

"அன்னைக்கு அந்த ஆளு என்னென்ன பண்ணாரு? வரிசையாச் சொல்லுங்க."

"விளக்கை அணைச்சாரு. கம்பியைப் பிடிச்சாரு. தகடு வெச்சாரு. பெட்டியை அணைக்காதேன்னாரு."

"அப்போ நாலு வேலை. சரியானது தகட்டாலதான்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"ஆசான்தான் சொன்னாரு."

"தகட்டை விக்கிறது யாரு?"

"அவருதான்."

சேரின் முதல் பெட்டியின் அடியிலிருந்து பையை உருவி ஓரமாக வைத்தாள். விளக்குச் சாஃப்ட்வேரை மட்டும் மூடினாள். விளையாடினாள். திரையின் மூலையில் படத்தின் ஓட்டத்தைக் காட்டும் கோடு ஆடாமல் அசையாமல் போனது. சாஃப்ட்வேரைத் திறந்தாள். விளக்குகள் நடனமாடின, கோடு ஈட்டி ஈட்டியாய்க் குத்திட்டது, படம் விக்கியது.

"இதான் சித்தி உங்க நீர்நாடி. கலர் மாத்தறதுக்காக இது நிமிஷத்துக்கு நூறு தடவை பெட்டியைத் தட்டித் தட்டிக் கூப்பிடுது. அது திரும்பிப் பார்க்கற நேரம் படம் நிக்குது. நம்ம பெட்டி அணைஞ்சு எழுந்தா மொத நாள் எப்படி இருந்துச்சோ அப்படியே எழும், இதுவும் தானா ஓட ஆரம்பிச்சிரும். அதான் அணைக்காதேன்னாரு."

ஹேசூனுக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபம் வந்தது. "என் விளக்கையா சொல்றே? எவ்வளவு ஆசையா வெச்சது தெரியுமா! அதுல ஒரு குத்தமும் இருக்காது." தன் ஆசை தவறாகப் போனது என்பதைவிட, பூமிக்கடியில் யாரோ தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்பது அவளுக்கு ஆறுதலாக இருந்தது. மூடநம்பிக்கை பிழைத்துக் கிடப்பதே இந்த ஆறுதலைத் தின்றுதான்.

"சரி, என்னையும் நம்பாதீங்க," என்றாள் சேரின். "நாளைக்கு ஒரு பையில தகட்டுக்குப் பதிலா வேற எதையாவது வெச்சுத் தைப்போம். ஆசானோட கம்பி கண்டுபிடிக்குதான்னு பாருங்க. கண்டுபிடிச்சா கையெழுத்துப் போடுங்க, நானே வந்து அரிசி மூட்டையை நகர்த்தித் தரேன்."

ஹேசூன் விளக்குகளை ஒரு முறை பார்த்தாள். பிறகு எழுந்து சமையலறைக்குப் போய், ராம்யோன் பாத்திரத்தின் மூடி ஒன்றை எடுத்து, அதன் பிடியைக் கழற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை கடை பிதுங்கியது. ஆசான் புதிய பைகளை முந்தின நாளே அனுப்பி வைத்திருந்தார். ஹேசூன் பணிவாக ஒன்றை எடுத்து நீட்டினாள். தலையையும் ஆழமாகக் குனிந்துகொண்டாள். பக்தி என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

ஆசான் அமர்ந்தார். விளக்குச் சாஃப்ட்வேரை மூடினார். கம்பிகள் வெட்டிக்கொண்டன. பையைச் செருகினார். கம்பிகள் மெல்ல விலகின.

"பாருங்க, செம்பு எப்படி உறிஞ்சுதுன்னு!" ஆசானின் குரல் தழுதழுத்தது. "இந்தத் தகட்டுல இருக்கற சக்தி நான் இதுவரைக்கும் பார்க்காத சக்தி!"

விளையாட்டு ஓடியது. விக்கல் இல்லை. கைத்தட்டல் கூரையைப் பிய்த்தது. ஆசான் ஒப்பந்தத் தாளை விரித்து, பேனாவை ஹேசூனிடம் நீட்டினார். ஹேசூன் பேனாவை வாங்கி மேசை மேல் வைத்துவிட்டு, பெட்டிக்கடியிலிருந்து பையை உருவி, சமையலறைக் கத்தரிக்கோலால் கிழித்தாள்.

"ஐயோ, பிரிக்காதீங்க! சக்தி போயிரும்!"

பையிலிருந்து மூடி விழுந்து தரையில் உருண்டு சுற்றி அடங்கியது.

"இதுவரைக்கும் நீங்க பார்க்காத சக்திதான் ஆசானே," என்றாள் ஹேசூன். "எங்க அடுப்புல மூணு வருஷமா இருக்கு."

ஆசான் லேசில் மடிகிற ஆளா? தொண்டையைச் செருமினார். "மூடியும் உலோகம்தானே முதலாளியம்மா? நீங்க நம்பிக்கையோட வெச்சீங்க. நம்பிக்கை இருந்தா மூடியும் செம்பாகும்." கூட்டத்தில் சிலர் தலையாட்டவும் செய்தார்கள்.

"அப்படியா? அப்போ நிஜத் தகட்டையே வெச்சுருவோம். ஒண்ணு இல்ல, மூணு." ஹேசூன் மூன்று பைகளைப் பெட்டிக்கடியில் அடுக்கினாள். "நம்பிக்கையும் நிறைய இருக்கு. இப்போ விளக்கை மட்டும் போடறேன்." மவுஸைப் பிடித்தாள்.

"அதைத் திறக்காதீங்க!" ஆசான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தார். "அந்த சாஃப்ட்வேரைத் திறந்தா திரும்ப விக்கும்!"

எல்லாரும் ஆசான் பக்கம் திரும்பினார்கள்.

"ஏன் ஆசானே?" என்றாள் சேரின். "பூமிக்கடியில ஓடுற தண்ணி சாஃப்ட்வேர் வேற வெச்சிருக்கா?"

ஹேசூன் திறந்தாள். விளக்குகள் அலையலையாய் ஓடின. மூன்று செப்புத் தகடுகளின் மேல் உட்கார்ந்துகொண்டு, எல்லார் கண்ணெதிரிலும், பெட்டி விக்கு விக்கென்று விக்கியது. ஹேசூன் சாஃப்ட்வேரை மூடினாள். விக்கல் நின்றது. ஒப்பந்தத் தாளை நாலாய்க் கிழித்து ஆசானின் சட்டைப் பையில் செருகினாள்.

"எத்தனை வருஷம்யா கம்ப்யூட்டர் கடையில வேலை பார்த்தே?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கத்தினார். ஆசான் கம்பிகளைக்கூட எடுத்துக்கொள்ளாமல் வாசலைத் தேடினார். வாங்கின காசைத் திருப்பிக் கேட்டு முதலாளிகள் பாதிப் பேர் பின்னால் ஓடினார்கள். வாசலைக் கண்டுபிடிக்க அவருக்குக் கம்பி தேவைப்படவில்லை.

ஹேசூன் நாற்காலியில் சாய்ந்தாள். வீடு தப்பியது. விளக்குகள் இல்லாத பெட்டிகள் கறுப்பாய், அழகில்லாமல், சத்தமில்லாமல் வேலை செய்துகொண்டிருந்தன. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

அப்போதுதான் எதிர்க் கடைத் தோ குனிந்து தரையிலிருந்த மூடியை எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாண் வைத்து அளந்தார். யாருக்கும் கேட்காதபடி அவள் பக்கம் வந்து குனிந்தார்.

"முதலாளியம்மா, ஆசான் கிடக்கட்டும். இந்த மூடி வெச்சதும் நின்னுதே, அதை நான் கண்ணால பார்த்தேன். இது எந்தக் கடையில கிடைக்கும்?"

ஹேசூன் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். மூடியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"மூடி பாத்திரத்துக்கு இருக்கட்டும் தோ முதலாளி. மூளைக்குப் போடாதீங்க."